காகிதக் காப்பு

காலை ஏழரைப் பேருந்து
பைன் மரத்தடியில் என்னை மட்டும் இறக்கிவிடும்.
ஒரு மேசை, ஒரு குடை,
நீலக் காகிதக் காப்பு ஒரு சுருள்.

கீழே இருப்பது காலா சோர்தா.
செவிட்டுக் குடா என்று பொருள்.
மெனோர்காத் தீவையே உலுக்கும் வடகாற்று
இந்தப் பாறைகளின் கக்கத்துக்குள் மட்டும் வராது.
புயலன்றும் இங்கே தண்ணீர்
கிண்ணத்தில் ஊற்றி வைத்ததுபோல் கிடக்கும்.
காற்றிடமிருந்து காப்பது கல்.
மனிதரிடமிருந்து காக்க
அரசாங்கம் என்னை வைத்திருக்கிறது,
ஜூன் முதல் செப்டம்பர் வரை,
மணிக்கூலிக்கு.

ஒரே நேரத்தில் தொண்ணூறு பேர்.
அதற்குமேல் ஒருவர் என்றாலும் கயிற்றைக் கட்டிவிடுவேன்.
உப்புப் பூத்த முதுகோடு யாராவது மேலேறி வந்தால்
அவர் காப்பைக் கத்தரித்து வாங்கிக்கொண்டு
வரிசையில் அடுத்தவரை விடுவேன்.
வெயில் களிம்பில் வழுக்கும் கை,
கடிகாரம் இருந்த இடம் வெளுத்த கை,
இறுக்கிக் கட்டாதே என்று
எல்லா மொழியிலும் சொல்லும் கை.

போன வாரம் ஒருவர் ஏறி வந்து கத்தினார்.
கரையெல்லாம் பழுப்புக் குப்பையாம்,
நாற்றமாம்,
ஹோட்டல் படத்தில் அப்படி இல்லையாம்.
அது குப்பையில்லை, கடற்புல்.
குளிர்கால அலை மணலை அள்ளிப்போகாமல்
அதன்மேல் கவிழ்ந்து படுத்திருக்கிறது.
புல்லை வாரிக் கொட்டிய குடாக்களில்
இப்போது துண்டு விரிக்கக் கல்தான் உண்டு.
இதையெல்லாம் சொல்ல
அவர் மொழி எனக்கு வராது.
நானும் மூக்கைப் பிடித்துக் காட்டினேன்.
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம்.

நகரத்தில் எனக்கும் வீடு உண்டு.
இரண்டாம் மாடி, துறைமுகம் தெரியும்.
ஆகஸ்டில் அந்தப் பால்கனியில்
லியோனிலிருந்து வந்த குடும்பம் ஈரத்துணி காயப்போடுகிறது.
நான் அக்கா மார்கலிடாவின் கார் ஷெட்டில்,
துடுப்புகளுக்கும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் நடுவே.
இரண்டு மாத வாடகை
பத்து மாதக் கடனுக்குப் போகிறது.
இந்தக் குடாவிலும்
இந்தக் கோடையில் நான் கால் நனைத்ததில்லை.
எனக்கு யார் காப்புக் கட்டுவது?

செவ்வாய் மாலை கணக்கு இடறியது.
கட்டியது இருநூற்றுப் பதினான்கு.
வெட்டியது இருநூற்றுப் பதின்மூன்று.
வாக்கிடாக்கியில் பெர்னாட்,
"இறங்கிப் பார், படகு அனுப்புகிறேன்" என்றான்.

ஓடினேன்.
வேர் தடுக்கியது, முழங்கால் கிழிந்தது.
கத்தினேன்.
குடா கேட்டுக்கொள்ளவே இல்லை.
ஆள் இல்லை, பை இல்லை, செருப்பில்லை.
கடற்புல் குவியலின்மேல்
அறுந்த நீலக் காப்பு ஒன்று,
நனைந்து,
பல் பதிந்து.

அதன்பின் தண்ணீரை நான் பார்த்த பார்வையை
யாருக்கும் சொல்லவில்லை.
அவ்வளவு தெளிவான நீருக்கு
ஒளிக்க என்ன இருக்கும் என்று
அடிமணல்வரை துழாவினேன், கண்ணால்.

நாற்பது நிமிடம் கழித்து பெர்னாட்:
"கிடைத்துவிட்டாள். டென்மார்க் பெண்.
முனையைச் சுற்றி அடுத்த குடாவுக்கு நீந்தியிருக்கிறாள்.
பாரில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறாள்.
காப்பு அரித்ததாம், கடித்து எறிந்தாளாம்."

அவளைத் திட்டினேன்.
வாய் வலிக்கும்வரை, என் மொழியில்.
பிறகு பூட்ஸைக் கழற்றினேன்.
சீருடைச் சட்டையைப் பாறையில் போட்டேன்.

முழங்கால் காயத்தில் உப்பு சுள்ளென்றது.
பிறகு வலி இல்லை.
காதுவரை அமிழ்ந்தால்
இந்தக் குடா ஏன் செவிடென்று புரிகிறது.
மேலே கடைசிப் பேருந்து ஹாரன் அடித்திருக்கும்.
அடித்திருக்கட்டும்.

நோட்டில் எழுதினேன்:
வந்தவர் இருநூற்றுப் பதினைந்து.

காலையில் பெர்னாட் விரலை வைத்து நிறுத்தினான்.
"ஒன்று கூடுதலாக இருக்கிறதே, அசும்ப்தா?"
"காற்று ஒரு காப்பைப் பிடுங்கிப் போய்விட்டது,
எண்ணிக்கை குழம்பிவிட்டது."
"காற்றா? சோர்தாவிலா?"
"சோர்தாவில்தான்."

உப்பேறி விறைத்து நின்ற
என் தலைமுடியை ஒருமுறை பார்த்தான்.
பேனா கேட்டான்.